சரந்தோஸ் கேட்ட பாட்டு

இந்த உப்புக் காற்றில் புசூக்கி வாத்தியத்தின் தந்திகள் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. அடிக்கடி மாற்றுவேன். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் நான், அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

பிரேயஸ் துறைமுகத்துப் பின்தெரு மதுக்கடையில் நான் வாசிக்கிறேன், பாட்டும் கட்டுகிறேன். பாடுகிறவள் எவாந்தியா. அவளுக்கு நிச்சயித்தவன் கப்பலேறிப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட வருஷம், அவள் பாட்டைக் கேட்டு மூட்டை தூக்குகிறவர்கள்கூட அழுதார்கள். எங்கள் பாட்டெல்லாம் வேறென்ன? கைவிட்டுப் போன காதல், ஒரே நாளில் நொடித்துப்போன குடும்பம். அதைப் பாட அடிபட்ட தொண்டை வேண்டும்.

பிறகு ஃபோத்திஸ் வந்தான். தீவுக்காரன், படகு செய்கிற தச்சன். நல்லவன், அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவன் வந்ததிலிருந்து எவாந்தியா எப்போதும் சிரித்த முகம். சிரித்துக்கொண்டே ஒப்பாரி வைத்தால் யார் கேட்பார்கள்? கூட்டம் குறைந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம், அப்புறம் பாட்டே வேண்டாம், தீவுக்குப் போய்விடுவோம் என்றாள். நான் வாழ்த்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரந்தோஸ் வந்தான். கசாப்புக்காரன். கடலில் செத்துப்போன தம்பிக்கு அன்று நாற்பதாம் நாள். தம்பிக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு ஆட எழுந்தான். எங்கள் பக்கம் ஒருவன் பாட்டுக் கேட்டு எழுந்தால், அது முடியும்வரை தரை அவனுடையது. தன் துக்கத்தைத் தனியாக ஆடித் தீர்ப்பான். குறுக்கே போனால் கத்திதான். உங்களுக்குத் தெரியாததா?

ஃபோத்திஸுக்குத் தெரியாது. அவன் தீவில் எல்லோரும் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். ஒருத்தனைத் தனியாக ஆடவிடுவதுதான் அங்கே மரியாதைக்குறைவு. என்னிடம் வந்து காதோடு கேட்டான்.

"அண்ணே, அந்த மனுசன் ஒண்டியா ஆடுறாரே, பாக்கவே கஷ்டமா இருக்கு. நான் போயி கைகுடுக்கவா?"

வாசிப்பை நிறுத்தாமல் சொன்னேன்.

"போப்பா. தோள்ல கையப் போடு. மனசு குளுந்துடுவாரு."

முதல் தடவை சரந்தோஸ் அவனைத் தள்ளிவிட்டான். ஃபோத்திஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சிரித்துத் தலையாட்டினேன். மறுபடியும் போய்த் தோளில் கை வைத்தான். கத்தி விலாவுக்குக் கீழே இறங்கியது. எவாந்தியா பாட்டை விட்டுவிட்டு அவனிடம் ஓடினாள். பாட்டில் இன்னும் ஓர் அடி மீதி இருந்தது, அதை வாசித்து முடித்தேன். கேட்டு வாங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்துவது வழக்கமில்லை.

சரந்தோஸைச் சிறையில் போட்டுவிட்டீர்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சரந்தோஸின் கை வெறும் கருவிதான். ஃபோத்திஸைக் கொன்றது நான், எழுதிக்கொள்ளுங்கள்.

எவாந்தியா கறுப்பு உடுத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஃபோத்திஸ் என் காதில் பேசியதை அன்று பார்த்திருக்கிறாள்.

"நீங்க வேணாம்னு சொல்லியும் போயிட்டாரே அண்ணே," என்று அழுதாள். "அவருக்கு ஒரு பாட்டு கட்டிக் குடுங்க."

கட்டிக்கொடுத்தேன். இப்போது உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்று கேட்கிறார்கள். அப்படி ஒரு குரலை என் ஆயுளில் கேட்டதில்லை.

என்ன தண்டனையானாலும் சரி, ஐயா. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சனிக்கிழமை அந்தப் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்கிறோம். அதுவரை அவளிடம் சொல்லாதீர்கள். கோபம் வந்துவிட்டால் அந்தக் குரல் கெட்டுவிடும்.