துஷ்யந்தியின்ர ஃபைல்

இல்லை அக்கா, நீங்க முன்னுக்கு நில்லுங்கோ. எனக்கு அவசரமில்லை. இருபத்தொன்பது மாசம் காத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு கியூவே? ஓம், விசாவுக்குத்தான். பாஸ்போட் கொப்பியைக் கண்டோண்ண விளங்கியிருக்கும். செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாற ஆக்களில பாதிப்பேரின்ர கையில உதுதானே. அந்தோனியாற்ற காலடியில வச்சா அலுவல் நடக்குமாம். நான் சைவம்தான். அதுக்கென்ன, அவர் சமயம் கேட்டே செய்யிறவர்? வெள்ளவத்தையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனான்.

என்ர இவர் கனடாவில. தனஞ்சயன் எண்டு பேர். கலியாணம் முடிச்சு மூண்டு கிழமை இஞ்ச நிண்டார், அவ்வளவுதான். பேந்து எங்கட குடும்பம் முழுக்க ஃபோனுக்குள்ளதான்.

ஃபீஸெல்லாம் அப்பவே கட்டியாச்சு அக்கா. கட்டினாப் பிறகு கூட்டிப்போட்டினம் எண்டு மிச்சத்தையும் கேட்டவை, அதையும் கட்டினம். மெடிக்கல் தொடக்கத்திலயே செய்தனான், ஒரு வருசத்தில அது செல்லாதாம். திரும்பவும் போய் ரத்தம் குடுத்து எக்ஸ்ரே எடுத்தனான். இப்ப அதின்ர தவணையும் முடிஞ்சுது. வெப்சைட்டில முதல் பன்னிரண்டு மாசம் எண்டு போட்டுக் கிடந்தது. நான் பன்னிரண்டைத் தொட அது பதினெட்டுக்குப் போச்சு. பதினெட்டைத் தொட இருபத்தாறு. கேட்டா, அங்க காசு ஒதுக்கிறதைக் குறைச்சுப்போட்டினமாம், ஃபைல் பாக்க ஆள் காணாதாம். அப்ப நாங்க கட்டினது காசில்லையே?

இதுவோ? இந்த ரெண்டாவது கொப்பி என்ர இல்லை அக்கா. துஷ்யந்தியின்ர. எங்களுக்கு மேல்வீட்டில இருக்கிறவ. அவவின்ர மனுசனும் அங்கதான், ட்ரக் ஓடுறார். எனக்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல கழிச்சுத்தான் போட்டவ. ஃபோமெல்லாம் நிரப்பிக் குடுத்தது ஆர்? நான். கலியாணப் படத்தில எதை வைக்கிறது, எதை விடுறதெண்டு தெரிஞ்சு குடுத்ததும் நான். ஈமெயில் கேட்ட இடத்தில, உன்ரையே போடு மிதுனா, எனக்கு உதுகள் விளங்காது, மனுசனுக்கும் நேரமில்லை எண்டா. போட்டன்.

போட்டு ஒன்பதாம் மாசம் அவவுக்கு மெயில் வந்திட்டுது. மனுசன் அவவை அங்க கூப்பிடுறதுக்குத் தகுதியாம், ஓகேயாம். ஒன்பது மாசம் அக்கா! என்ர ஃபைல் அந்தக் கட்டத்துக்கு வர இருபது மாசம் எடுத்தது. நான்தான் மேல ஓடிப்போய்க் காட்டினனான். என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அண்டைக்கே கேக் வாங்கி எல்லா வீட்டுக்கும் குடுத்தா. அடுத்த கிழமை பெட்டாக் கடையில குளிர் ஜாக்கெட் ஒண்டு வாங்கினா, கரும்பச்சை. இந்த வெக்கைக்குள்ள அதைப் போட்டுக்கொண்டு படியில இறங்கி வந்து, எப்பிடி இருக்கு எண்டு என்னட்டக் கேக்கிறா. நல்லா இருக்கு எண்டன். வடிவாத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். போகேக்க ரைஸ் குக்கரை உனக்குத்தான் தந்திட்டுப் போவன் எண்டும் சொன்னா. எனக்கென்னத்துக்கு ரைஸ் குக்கர்? நான் இஞ்சயே சோறு காய்ச்சிக்கொண்டு கிடக்கப் போறன் எண்டு முடிவே கட்டிட்டா.

வயிறு எரிஞ்சுது அக்கா. கோயில் வாசலில நிண்டு பொய் சொல்லக்கூடாது. நித்திரை வராமப் படுத்துக்கிடந்து, மேல்வீட்டில அவ நடக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எரிஞ்சனான். நல்லவ அவ. கெட்டவளா இருந்திருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

கொஞ்சம் நடவுங்கோ, கியூ அசையுது.

பிறகு என்ன, பிறகு ஒண்டுமில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இறங்கி வந்து கேப்பா, ஏதும் வந்ததோ மிதுனா எண்டு. இல்லையடி, அங்க ஆள் காணாதாம், காசில்லையாம், எல்லாருக்கும் இப்பிடித்தான் இழுபடுது எண்டு நான் சொல்லுவன். நம்பிக்கொண்டு போவா. என்னைப் பாத்து, பாவம், உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், எனக்கு இப்பதான் விளங்குது எண்டு சொல்லுறா.

இண்டைக்கு அவவும் வர இருந்தவ. காய்ச்சல். அதுதான் கொப்பியைத் தந்து விட்டவ. அந்தோனியார் காணாமப்போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவராமே. என்ர ஃபைல் அங்க எங்கயோ காணாமப் போச்சுப் போல மிதுனா, கேட்டுப் பார், உன்ரையை முதல் வை, நீதான் கன நாளாக் காத்திருக்கிறாய் எண்டவ.

அவவின்ர ஃபைல் காணாமப் போகேல்லை அக்கா. என்ர இந்த ஃபோனுக்குள்ளதான் கிடக்கு. மெடிக்கலுக்குப் போகச் சொல்லி அவவுக்கு வந்த மெயில். முப்பது நாளைக்குள்ள செய்யாட்டி ஃபைலை மூடிப்போடுவினமாம். இண்டைக்கு இருபத்தாறாம் நாள்.

போங்கோ, உங்கட முறை வந்திட்டுது. போங்கோ அக்கா, என்னைப் பாக்காதேங்கோ. எனக்குப் பின்னால நிக்கிறவையையும் விடுறன். அவருக்கு முன்னால போய் நிண்டு எதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு கேக்கிறதெண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை.