விளிம்பு கட்டிய ஓட்டை

பின்னிய பையைத் தொங்கவிட்டால் நீளும். குரோஷா ஊசி பிடித்த எல்லோருக்கும் இது தெரியும்; தெரிந்தும் முக்கால்வாசிப் பேர் ஏனோதானோ என்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். பருத்தி நூலை ஒற்றையாக எடுக்காமல் இரட்டையாகச் சேர்த்துப் பிடிப்பேன். கடைக்காரர் சொல்லும் ஊசியை வாங்காமல் அதைவிட ஓர் அளவு சின்ன ஊசியை எடுப்பேன். கட்டைவிரல் மரத்துப்போகும். ஆனால் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே குண்டூசித் தலைகூட நுழையாது. அந்தப் பை அப்படிப் பின்னியது.

ஆகையால், இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் அறிக்கையில் 'பை நைந்து, பின்னல் தானாக விட்டுப்போனதால்' என்று எழுதியிருப்பது தவறு. அதைத் திருத்தத்தான் இன்று நானே கிளம்பி வந்தேன். நேற்று நீங்கள் படித்துக் காட்டியபோது கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எட்டு மாதம்கூட ஆகாத பை, அது தானாக விடுமா? பக்கத்தில் எழுதுகிறவரை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

பாப்பா என் தங்கை. நாற்பத்திரண்டு வயதிலும் எனக்குப் பாப்பாதான். மூச்சு இழுப்பு அவளுக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. பத்தொன்பதாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கண்ணையும் கொண்டுபோயிற்று. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். நான் அப்போது ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி வேலையை வீட்டுக்கே வாங்கிவந்தேன். கல்யாணப் பேச்சு ஒன்று வந்தது. தங்கையும் என்னோடு வருவாள் என்றேன், பேச்சு அதோடு நின்றது. தியாகம் கியாகம் என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுவாள். 'அக்கா, சீப்பு எங்க?' 'அக்கா, இந்தத் துணி பச்சையா நீலமா?' 'அக்கா, பம்பு.' மூச்சுக்கு அடிக்கிற மருந்தை நாங்கள் பம்பு என்றுதான் சொல்வோம். நான் மெஷினை நிறுத்தி, முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவேன். 'உனக்கு நான் ஒருத்தி போதாதுடி, நாலு பேர் வேணும்' என்பேன். 'நீ ஒருத்தியே நாலு பேருக்குச் சமம்' என்பாள். இப்படித்தான் இருபத்துமூன்று வருடம் ஓடியது. நான் சந்தோஷமாக இருந்தேன். அது சந்தோஷம் என்று அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு குச்சி டீச்சர் வந்தாள். பார்வை இல்லாதவர்களுக்குக் குச்சி வைத்து நடக்கவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் சொல்லித்தருகிறவள். அந்தப் பெயர் நான் வைத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வந்த முதல் மாதமே ஒன்று சொன்னாள்.

'எடுத்ததுக்கெல்லாம் கூப்பிட்டா உங்களுக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம். கட்டில் பக்கத்துல பாக்கெட் வச்ச ஒரு பையைத் தொங்கவிடுங்க. கடைப் பை ரெண்டு மாசத்துல துவண்டுடும். நீங்கதான் நல்லாப் பின்னுவீங்களாமே.'

மெச்சிக்கொண்டால் யாருக்குத்தான் உச்சி குளிராது. நான் பதினேழு நாள் உட்கார்ந்து பின்னினேன். அடியை நீள்சதுரமாகப் போட்டு, அதைச் சுற்றிச் சுவரை எழுப்பினேன். பெரிய வயிற்றில் கம்பளித் துணி போடலாம். வெளியே ஆறு பாக்கெட். டீச்சரின் யோசனை கேட்காமல் நானே ஒரு வேலை செய்தேன்: ஒவ்வொரு பாக்கெட்டின் முகத்தையும் ஒவ்வொரு விதமாகப் பின்னினேன். சீப்புக்கு வரிவரியாக, கைக்குட்டைக்கு வழவழவென்று, ஃபோனுக்கு வலை மாதிரி. பம்புக்கு மட்டும் குமிழ் குமிழாக, மற்ற எதையும் தொட்டு இதுவோ என்று ஏமாந்துவிடாதபடி. முடித்ததும் தண்ணீரில் நனைத்து, உள்ளே அரிசி டப்பாவை வைத்து இரண்டு நாள் தொங்கப் போட்டேன். நீளவேண்டிய அளவு அப்போதே நீண்டுவிடும், பிறகு அசையாது.

பாப்பா ஆறு பாக்கெட்டையும் தடவிப் பார்த்தாள். குமிழில் விரல் பட்டதும் சிரித்தாள். 'அக்கா, எனக்குக் கண்ணே வந்த மாதிரி இருக்கு' என்றாள். நான் அழுதேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டாள். அப்புறம் நாலு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. காலர் தைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானாகப் போய் 'ஏதாச்சும் வேணுமா?' என்று கேட்டேன். 'ஒண்ணும் வேணாங்க்கா, எல்லாம் கையிலயே இருக்கு' என்றாள். சீப்பை எடுத்து வேறு பாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன். கூப்பிடவில்லை. ஆறையும் தடவி அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள்.

'அக்கா, எனக்கு வேலை கெடச்சிருக்கு. ஆஸ்பத்திரியில ஃபோன் எடுத்துப் பேசற வேலை.'

'அவ்வளவு தூரம் எப்படிப் போய்ட்டு வருவே?'

'போய்ட்டு வரல. பக்கத்துலயே ரூம். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. டீச்சர்தான் பாத்துக் குடுத்தாங்க.'

'நடுவுல இழுப்பு வந்தா?'

'பம்புதான் கைக்கு எட்டற எடத்துலயே இருக்கே. நீ பண்ணிக் குடுத்ததுதானே.' அப்புறம், ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்: 'இனிமேலாச்சும் நீ நிம்மதியா இருக்கலாங்க்கா.'

நானும் வருகிறேன் என்றேன். ரூமில் இடம் இல்லை என்றாள். பக்கத்தில் ஒரு வீடு பார்க்கிறேன் என்றேன். 'எதுக்குக்கா, நீ என்ன கைக்கொழந்தையா?' என்று சிரித்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. எனக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான்: காலர் தைப்பது, பாப்பாவுக்கு அக்காவாக இருப்பது. காலரை யார் வேண்டுமானாலும் தைப்பார்கள். அந்த வீட்டில் ஒரு தட்டை மட்டும் கழுவி வைப்பதை நினைத்துப் பார்த்தேன். பயந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

திங்கட்கிழமை கிளம்புவதாக முடிவாயிற்று. புதன்கிழமை அவள் கேட்டாள்: 'கட்டில், மேஜை எல்லாம் அங்கயே இருக்கு. இந்தப் பையை மட்டும் எடுத்துட்டுப் போறேன், சரியா?'

எடுத்துக்கோ என்றேன். வேறு என்ன சொல்வது. இருபத்துமூன்று வருடம் கூடவே இருந்தவளை விட்டுவிட்டு, எட்டு மாதப் பையைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போனபோது பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குமிழ் பாக்கெட்டின் அடியில், பையின் சுவரில், ஒரே ஒரு கண்ணியை வெட்டினேன். பம்பை வைத்து அளவு பார்த்து, எட்டுக் கண்ணிகளைப் பிரித்தேன். பின்னலில் அப்படியே விட்டால் மேலும் கீழும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடும், பையே பாழாகும். அதற்கு மனசு வரவில்லை. அதனால் ஓட்டையைச் சுற்றி ஒரு வரிசை விளிம்பு கட்டினேன், அதே நிற நூலில், பொத்தான் துளைக்குக் கட்டுவதுபோல. நூல் நுனியை உள்ளே கோத்து மறைத்தேன். பாக்கெட்டின் அடியை ஓட்டைப் பக்கம் சரிவாக இருக்கும்படி இரண்டு இடத்தில் பிடித்துத் தைத்தேன். பை உங்கள் மேஜையில்தானே இருக்கிறது, விரலை விட்டுப் பாருங்கள். தானாக விட்ட ஓட்டைக்கு யாராவது விளிம்பு கட்டுவார்களா? இவ்வளவு நாள் வைத்துப் பார்த்தும் உங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. தையல் தெரிந்த ஒரு பெண்ணிடம் காட்டியிருக்கலாம்.

மூன்று தடவை பம்பைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நிற்கும், பையை யாராவது லேசாக இடித்தால் சறுக்கிப் பையின் வயிற்றுக்குள் போய்விடும். மூன்று தடவையும் போயிற்று. விழுகிற சத்தம் கேட்டது. அதனால் பையின் அடியில் ஒரு சால்வையை நாலாக மடித்து வைத்தேன். பம்பு அடிபட்டு உடைந்துபோகக் கூடாதல்லவா.

இதில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு ஒரு கெடுதல் நடக்க வேண்டும் என்று நான் எள்ளளவும் நினைக்கவில்லை. என்னிடம் எப்போதும் இன்னொரு பம்பு இருக்கும், மெஷின் இழுப்பறையில். அவள் பாக்கெட்டில் கையை விடுவாள், பம்பு இருக்காது, என்னைக் கூப்பிடுவாள், நான் ஓடுவேன். அக்கா இல்லாமல் முடியாது என்று அவளுக்கே புரியும். திங்கட்கிழமைப் பயணம் தானாக நின்றுபோகும். கணக்கு அவ்வளவுதான். ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு இழுப்பே வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் துணி அடுக்கப் பெட்டி கேட்டாள். பரணில் அப்பாவின் பழைய பெட்டி இருந்தது. இறக்கிக் கொண்டுவந்தேன். துடைக்கவில்லை. அவள் கட்டில்மேல் வைத்துத் திறந்து, உள்ளே கிடந்த பழைய போர்வையை இரண்டு தடவை உதறினேன். தூசி வெயிலில் தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினேன், வெளியே லாரி போகிற சத்தம் அதிகம் என்று. 'பம்பு பையில இருக்காக்கா?' என்று கேட்டாள். இருக்கு என்றேன். இருந்தது, மேடம். நீங்களே உள்ளேயிருந்துதான் எடுத்தீர்கள். நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

கூடத்துக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இழுப்பறையைத் திறந்து பம்பை எடுத்தேன். மெஷினை ஓட்டவில்லை, ஓட்டினால் அவள் கூப்பிடுவது கேட்காது.

இருமல் ஆரம்பித்தது. அப்புறம் இழுப்பு. அந்தச் சத்தம் எனக்கு என் பெயரைவிடப் பழக்கம். பை கட்டில் கம்பியில் உராய்வது கேட்டது, குமிழைத் தேடுகிறாள் என்று புரிந்தது. கையை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். அடுத்த பாக்கெட், அதற்கடுத்தது. ஆறையும் பார்த்தாள். சீப்பு கீழே விழுந்தது. மறுபடி முதலிலிருந்து தேடினாள். நான் எழுந்து அறை வாசலுக்குப் போய் நின்றேன். பம்பின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். கட்டிலுக்கு நாலே எட்டு வைத்தால் போதும். அவள் முகம் என் பக்கம் திரும்பியது. நான் நின்றால் அவளுக்குத் தெரியும், எப்போதும் தெரியும். உதடு நீலமாக இருந்தது. இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். இவ்வளவு மாதம் கழித்து என்னைக் கூப்பிடப் போகிறாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்கிறீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடி அவள் கை பட்டுச் சாத்திக்கொண்டது. அதுவரை நின்றேன், அதற்குப் பிறகும் நின்றேன். பிறகு உள்ளே போய்ப் பம்பை அவள் வாயில் வைத்து அழுத்தினேன், பலமுறை அழுத்தினேன். அது காலியாகும்வரை அழுத்தினேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஓட்டையை நான் போட்டேன், தூசியை நான் உதறினேன், பம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். பின்னல் தானாக விட்டுப்போனது என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

மூச்சே இல்லாதவள் எப்படிக் கூப்பிடுவாள் என்கிறீர்கள். நீங்கள் எல்லாம் படித்தவர்கள், அப்படித்தான் கேட்பீர்கள். சமயத்தில் எனக்கும் அந்த யோசனை வருகிறது. ஆனால் மனசிருந்தால் ஒரு வார்த்தை வராதா? கட்டில் கம்பியைத் தட்டினாள், அதை நான் மறைக்கவில்லை. முதலில் வேகமாகத் தட்டினாள், பிறகு விட்டுவிட்டு. வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். இருந்தாலும், அக்கா என்று வாயைத் திறந்து சொல்லாமல் சும்மா கம்பியைத் தட்டினால், அது என்னைத்தான் என்று நானாக எப்படி எடுத்துக்கொள்வது, மேடம்?