சைக்கிள் ட்யூப் ஒட்டின பேட்

பேட் செல்லாதுன்னுட்டாங்க. அவ்வளவுதான்.

கீழ பாருங்கம்மா. ஏழாம் நம்பர் டேபிள். ஓரத்துல பெஞ்சு மேல ஒரு சுண்டெலி உக்காந்திருக்கே, பச்சை பனியன்? என் பேத்திதான். பதிமூணு வயசு. மடியில வச்சிருக்கே, அதுதான் அந்த டேபிள் டென்னிஸ் பேட். அம்பயர் வந்தாரு. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, பெரிய ஐகோர்ட்டு நீதிபதி மாதிரி, பேட்டை வாங்கினாரு. விரலால தடவினாரு. அப்புறம் மோந்து பார்த்தாரு. மோந்து! மாம்பழமா அது? 'இதுல ஆட முடியாது. பதினஞ்சு நிமிஷத்துல வேற பேட் கொண்டு வா. இல்லேன்னா எதிர்ப்பக்கம் ஜெயிச்சதா எழுதிடுவேன்.' நான் வாயைத் திறந்தேன். 'பெரியவரே, மேல கேலரியில போய் உக்காருங்க'ன்னுட்டாரு. வந்து உக்காந்துட்டேன். வேற என்ன பண்றது?

இருங்க, இருங்க, தள்ளி உக்கார வேணாம். நான் அதிகம் பேசுற ஆள் இல்ல. முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர் வேலை. மெஷின் போடுற சத்தத்துல யாரு பேசுறது? தேவைன்னா ஒரு சொல்லு. இல்லேன்னா அதுவும் கிடையாது. வீட்லயும் அப்படித்தான். அங்க பேச விட்டாத்தானே!

மருமகளைச் சொல்றேன். மருந்துக் கடையில வேலை. அங்க மாத்திரையை எண்ணி எண்ணி, வீட்லயும் எல்லாத்தையும் எண்ண ஆரம்பிச்சுட்டா. கணக்குப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்கேன். அவ காதுக்கு எட்டாம. வீட்ல ஒரு கடன் இருக்கும்மா. வைத்தியச் செலவுக்கு வாங்கினது. அதை அடைக்கணுமாம். அடைங்க, யாரு வேணாங்கிறது? அதுக்கு ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சார்ட்டு. நாப்பத்தெட்டு கட்டம். ஒரு மாசத் தவணை கட்டினா ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கணும். பத்தொன்பது கட்டம் முடிஞ்சிருக்கு. ஃபிரிட்ஜைத் திறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. விசேஷமெல்லாம் கதவுலதான்.

பேஸ்ட் தீர்ந்தா கத்தரிக்கோலால வெட்டி உள்ள வழிச்செடுப்பா. டீத்தூளை ரெண்டாம் தடவை கொதிக்க விடுவா. அதுக்குப் பேரு டீன்னா, நான் மழையில நனைஞ்சா எனக்குப் பேரு மீனு. ஷாம்புல தண்ணி ஊத்தினா. மறுபடி ஊத்தினா. மறுபடி ஊத்தினா. இப்ப நாங்க வெறும் தண்ணியிலதான் தலை குளிக்கிறோம். பாட்டில் பக்கத்துல நிக்கும்… ஒரு மரியாதைக்கு.

பஸ்ல ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கணும். டிக்கெட்டுல மிச்சமாம். என் இடுப்புக்குள்ள ஸ்டீல் இருக்கு. அதையும் தூக்கிக்கிட்டு நடக்கணும். இன்னிக்கும் நடந்துதான் வந்தோம். பிள்ளை ஒரு கையில பையை வச்சிக்கிட்டு இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு வந்துது. மேட்சுக்குப் போற பிள்ளை. அதுக்கு நான் ஒரு மூட்டை.

மகனா? வேன் ஓட்டுறான். பார்சல் கொண்டு போய்க் குடுக்கிற வேலை. ஞாயித்துக்கிழமையும் கூடுதல் ஷிஃப்ட். அதான் நான் கூட்டிக்கிட்டு வந்தேன்.

கேளுங்க, இன்னும் இருக்கு. மாசம் பொறந்தா ஆளுக்கு ஒரு கவர். மேல அவ கையெழுத்துல 'பொழுதுபோக்கு'ன்னு எழுதியிருக்கும். உள்ள இருக்கிற பணத்தை வெளிய சொன்னா வெக்கக்கேடு. மனுஷனுக்குச் சந்தோஷம் இல்லேன்னா சிக்கனம் ரொம்ப நாள் நிக்காதாம். எங்கயோ படிச்சிருக்கா. மகனோட பொழுதுபோக்கு தூக்கம். பைசா செலவில்ல. ஆனா நேரம் கிடைக்கணுமே! அவளுக்கு எம்பிராய்டரி. நூல் வாங்குவா. பேத்திக்கு இந்த டேபிள் டென்னிஸ்.

எனக்குக் கடிகாரம். பழைய கடிகாரம். ஓடாததா வாங்கி ஓட வைக்கணும். வீட்ல பதினாலு இருக்கு. பதினாலும் பதினாலு நேரம் காட்டும். மருமக சொல்லுவா, 'மாமா, இத்தனை கடிகாரம் இருந்தும் மணி பார்க்க நான் செல்போனைத்தான் எடுக்கறேன்'னு. நக்கல். ரசனை இல்லாத ஜென்மம். ஒரு ஸ்பிரிங்கு உடம்புல தெம்பில்லாம சுருண்டு கிடக்கும். அதை எண்ணெய் போட்டு, நீவி, முறுக்கி, முதல் தடவை டிக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க… சரி, உங்களுக்கு எதுக்கு அது. எங்க விட்டேன்?

ஆங், பேத்தி. அது எதையும் கேக்காதும்மா. வாயைத் திறந்து கேக்காது. ஷூ சின்னதாயிடிச்சுன்னு சொல்லல. கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் டீச்சர் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. ஸ்கூல்ல டூர் போனாங்க, 'எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும்'னு வீட்ல உக்காந்துகிட்டுது. தினம் பஸ்லதான் ஸ்கூலுக்குப் போகுது! அதைப் பார்த்து அம்மாக்காரிக்கு ஒரே கவலை. சமையல்கட்டுல நின்னு என் மகன்கிட்ட, 'பிள்ளை ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது, நாம தப்பா வளர்க்கிறோமா'ன்னு குசுகுசுங்கிறா. கேட்டா குடுக்க வழியில்ல. கேக்கலேன்னா கவலை. நல்லா இருக்கா கதை?

இன்னிக்கு இந்த ஆட்டம் ஏன் முக்கியம் தெரியுமா? எட்டுப் பேரை எடுக்கிறாங்க. எடுத்தா வருஷம் பூரா கோச்சிங் இலவசம். இதுல ஜெயிச்சா இவ எட்டுக்குள்ள வந்துடுவா. தோத்தா அடுத்த மாசத்துலேர்ந்து கிளாஸ் கிடையாது. கணக்குப்பிள்ளை போன வாரமே தீர்ப்பு சொல்லிட்டா. சொல்லும்போது அழுதா, அது வேற விஷயம். பிள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சரிம்மா.' அவ்வளவுதான். எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவுல அந்த மாசத்துக் கட்டத்துக்கு வண்ணம் அடிச்சுது. கோட்டைத் தாண்டாம, ஒழுங்கா.

ஆட்டத்துல தோத்தா சரி. ஆடாமலே தோக்கிறதா?

எதிர்ல யாருன்னு பாருங்க. அதோ, அந்த நெட்டைக்கொக்கு. ஸ்கிப்பிங் கயித்தைச் சுத்திக் குதிச்சுக்கிட்டே இருக்கு. வீட்ல உரம் வச்சு வளர்ப்பாங்க போல. அவ கையை நீட்டினா டேபிளோட அந்தக் கோடிக்குப் போகும். எதுக்கு நடக்கணும், எதுக்கு ஓடணும்? இன்னும் ஒம்பது நிமிஷம் சும்மா நின்னாப் போதும், ஜெயிச்சுடும். மூஞ்சியில எவ்வளவு நிம்மதி பாருங்க.

உங்க பிள்ளை எந்த டேபிள்ல…? சரி, அது கிடக்கட்டும். நான் சொல்றதைக் கேளுங்க.

அந்த பேட்ல அப்படி என்ன குத்தம்? மேல ஒட்டியிருந்த பழைய ரப்பர் தேஞ்சு வழவழன்னு ஆயிடிச்சு. பந்து சுழல மாட்டேங்குது. புது ரப்பர் என்ன விலைன்னு தெரியுமா? தெரியும்போல, தலையாட்டுறீங்க. கொள்ளைம்மா. ஒரு துண்டு ரப்பர்! நான் ஃபிட்டர். ரப்பர்னா எனக்குத் தெரியாததா? சைக்கிள் ட்யூப் எடுத்தேன். நல்ல ட்யூப். தண்ணியில கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பேட்டோட அளவுக்கு வெட்டி, பஞ்சர் ஒட்டுற பசையால ஒட்டினேன். ஓரத்தைப் பிளேடால சீவினேன். கனத்தை மைக்ரோமீட்டர் வச்சு அளந்தேன். கடையில வாங்கின ரப்பரை யாராவது மைக்ரோமீட்டர் வச்சு அளப்பானா? ஒரு பக்கம் கறுப்பா இருக்கணும்கிறது விதி. ட்யூப் கறுப்புதானே! விதிப்படிதான் இருக்கு! ரப்பர் மேல கம்பெனி முத்திரை இருக்கணுமாம். ட்யூப்லயும் கம்பெனி பேரு இருந்துது, நான்தான் அழகா இருக்கட்டும்னு தேய்ச்சு எடுத்தேன்.

ஒரு ஓரத்துல பழைய பஞ்சர் ஒட்டு ஒண்ணு… சின்னதுதான். அம்பயர் விரல் அங்கதான் போய் நிக்கணுமா?

வாசல்ல ஒருத்தன் பேட் கடை போட்டிருக்கான். மேல வர்றதுக்கு முன்னாடி விலை கேட்டேன். சொன்னான். மறுபடி கேட்டேன், காது கேக்கலையோன்னு. அதேதான் சொன்னான். என்கிட்ட பஸ் காசு இருக்கு. அதுவும் ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்குற காசு. பிள்ளையோட கோச் ரெண்டாம் டேபிள்ல வேற பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிறாரு. கூடப் பழகுற பிள்ளைங்க பேட்டெல்லாம் ஆட்டத்துல இருக்கு.

மருமகளுக்கா? போன் போடலாம். போட்டு?

போட்டு என்னன்னு சொல்றது?

…என்ன அப்படிப் பார்க்கறீங்க?

சரி. சொல்லிடறேன். நீங்க யாரோ நான் யாரோ. அவ ரப்பருக்குப் பணம் குடுத்தாம்மா. குடுத்தா. மூணு மாசமா அவ கவரைப் பிரிக்கவே இல்ல. நூல் வாங்கல. ஒரு தலையணை உறையில பாதிப் பூவோட நிக்குது எம்பிராய்டரி. மூணு கவரையும் அப்படியே கொண்டு வந்து என் கையில வச்சா. 'மாமா, நீங்கதான் பொருள் பார்த்து வாங்கத் தெரிஞ்சவங்க. நல்ல ரப்பரா வாங்கி ஒட்டிக் குடுங்க'ன்னா.

கிளம்பினேன். கடைக்குத்தான் கிளம்பினேன். வழியில பழைய சாமான் கடைக்காரன். 'ஐயா, உங்களுக்காகவே எடுத்து வச்சேன்'னான். சுவர்க் கடிகாரம். ஆடுற குண்டு பித்தளை. உள்ள சக்கரத்துல பல்லு ஒண்ணுகூட உடையல. நாளைக்கு வந்தா இருக்காதுன்னான்.

மூணு கவரும் போச்சு.

ரப்பர்தானே, நாமளே பண்ணிடலாம்னு தோணிச்சு. தப்பா தோணல, அதுதான் விசேஷம். ரெண்டு வழியிலயும் லாபம்னு விசில் அடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். கடிகாரம் இப்ப என் கட்டிலுக்கு அடியில இருக்கு. நல்லா ஓடுது. பதினாலுலயும் இல்லாத துல்லியம். பதினஞ்சு நிமிஷம்னா சரியா பதினஞ்சு நிமிஷம் காட்டும்.

கேளுங்க. அந்தக் கடனும்… எவனோ வியாபாரம் பண்ணித் தொலைச்ச கடன்னு நினைச்சீங்களா? வைத்தியச் செலவுன்னேன்ல? என் இடுப்புக்குத்தான். மருமக 'வேணாம் மாமா, அவர் வந்து மாட்டுவாரு'ன்னு சொல்லச் சொல்ல, ஸ்டூல் மேல ஏறி ஒரு கடிகாரத்தை மாட்டினேன். விழுந்தேன். நாப்பத்தெட்டு கட்டம். அந்தச் சார்ட்டு என் எலும்பும்மா. ஒரு தடவை சொல்லிக் காட்டினதில்ல அவ. சொல்லியிருந்தா நானும் நல்லா ஒரு சண்டை போட்டிருப்பேன்.

பிள்ளைக்குத் தெரியும், அது ட்யூப்னு. தெரியாம இருக்குமா? ரெண்டு வாரம் அதை வச்சுத்தான் பழகுச்சு. பந்து தவளை மாதிரி எங்கெங்கயோ குதிச்சுது. 'எப்படிடா இருக்கு'ன்னு கேட்டேன். 'நல்லா இருக்கு தாத்தா.' நான் நம்பினேன். நம்புறதுதானே சௌகரியம்!

கொஞ்ச நேரம் முன்னாடி அம்பயர் கேட்டாரு, 'யாரு ஒட்டினது இது?' நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு சொல்லு வரல. முப்பத்தாறு வருஷம் பேசாத பழக்கம்னு வச்சுக்கங்களேன். அதுக்குள்ள அது சொல்லிடிச்சு, 'நான்தான் சார் ஒட்டினேன்'னு. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. திரும்பினா நான் மாட்டிக்குவேனாம்.

பதிமூணு வயசுப் பிள்ளைம்மா…

எழுந்துட்டீங்களா? அட. போங்க, போங்க. கிழவன் புலம்பலை யாரு கேப்பாங்க? வீட்லயும் இப்படித்தான், நான் பேச ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒரு வேலை வந்துடும். படி வழுக்கும், பார்த்து இறங்குங்க.

நாலு நிமிஷம்.

நானும் இறங்கிப் போய்ச் சொல்லிடணும். 'ஐயா, ஒட்டினது நான்தான்'னு. அதுல ஆட்டம் கிடைக்காது. கிடைக்காட்டியும் சொல்லணும்ல? இந்த இடுப்பு எழுந்திரிக்கவே ரெண்டு நிமிஷம் கேக்கும்… எங்க கைப்பிடி…

அந்தம்மா எங்க போறாங்க? வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு. அங்க போகக்கூடாது, கயிறு கட்டியிருக்கு. ஏம்மா! அட, தாண்டிட்டாங்க. ஏழாம் டேபிளுக்கே போறாங்களே! போட்டுக் குடுக்கப் போறாங்களோ? நான் சொல்லணும்னு இருந்தேன், நானே சொல்லணும்னு…

இல்ல. நெட்டைக்கொக்குகிட்ட ஏதோ காதுல சொல்றாங்க. அது குதிக்கிறதை நிறுத்திடிச்சு. என் பிள்ளையைப் பார்க்குது. பையைத் திறக்குது. பேட். இன்னொரு பேட். சிவப்பும் கறுப்புமா, பளபளன்னு. அதுவே கொண்டு வந்து நீட்டுது. சுண்டெலி வாங்க மாட்டேங்குது பாருங்க… தலையை ஆட்டுது… வாங்குடி! வாழ்க்கையில ஒரு தடவையாவது குடுக்கிறதை வாங்குடி!

வாங்கிடிச்சு.

அம்பயர் தடவுறாரு. மோந்து பார்க்கல. தலையாட்டிட்டாரு. எழுந்து நிக்குது. பந்தைத் தட்டிப் பார்க்குது. சரியா குதிக்குது, எங்க குதிக்கணுமோ அங்க.

ஏன் தம்பி, பின்னாடி உக்காந்திருக்கீங்களே, உங்களைத்தான். அந்தம்மாவைத் தெரியுமா? இவ்வளவு நேரம் என் பக்கத்துலதான் இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நான் விடல, அது வேற விஷயம். யாரு தம்பி அவங்க? …என்னது? …நல்லாத் தெரியுமா உங்களுக்கு?

அந்த நெட்டைக்… அந்த உயரமான பொண்ணோட அம்மாவா?