சிவப்பு ஸ்பிரிங்

கூதிர்க்காலம் புதுவைக்கு ஓசையோடுதான் வருகிறது. வந்தபின் மற்ற ஓசைகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால், கடலுக்கும் வானுக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோகும். வைத்திக்குப்பத்துப் படகுகள் கரையேறிக் கவிழ்ந்து முதுகில் மழை வாங்கும். மாதா கோயில் மணியோசை ஈரத்தில் ஊறி, அடித்த இடத்திலேயே விழும். சுவர்கள் வியர்க்கும். மடித்து வைத்த துணியில் பூஞ்சை பூக்கும். உப்புக்காற்று பட்ட இரும்பெல்லாம் ஓரிரவில் செந்நிறம் கொள்ளும். உயிருள்ளவை ஒடுங்கிக்கொள்ளும் காலம் அது. மற்றவை... அவை ஒடுங்குவதாகத் தெரியவில்லை.

மின்சாரம் வர இன்னும் நேரமாகும். மெழுகுவத்தியை நடுவில் வைத்து நெருங்கி உட்காருங்கள். நம் மாலாவின் சித்திக்கு நேர்ந்தது இது. மாலா இன்று வரவில்லை; அதனால்தான் சொல்ல முடிகிறது.

அந்தி சாய்ந்து இருட்டு இறங்கிய நேரம். லாஸ்பேட்டையில் விமான நிலையத்து மதிலை ஒட்டிப் போகும் சாலை. விளக்கில்லை. நாய்கூட இல்லை. மழை மட்டும்... அந்தச் சாலையில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி ஊர்ந்து வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் மாலாவின் சித்தி பெர்னதெத். பின்னால், தார்ப்பாய் போர்த்திய நீண்ட பொருள் ஒன்று. எதிரே யாரேனும் வந்திருந்தால் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள். அப்படித்தான் இருந்தது அதன் வடிவம்.

ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியது. பின்னால், தார்ப்பாய்க்குள், ஏதோ உருண்டு வந்து முட்டியது. டக்.

“என்னாக்கா, உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?” என்றார் ஓட்டுநர்.

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா.”

அது பிலாட்டிஸ் பயிற்சிக்கான இயந்திரம். கட்டில்போல் நீண்ட சட்டம். அதன்மேல் இரும்புத் தடத்தில் முன்னும் பின்னும் ஓடும் மெத்தைப் பலகை. பலகையைப் பிடித்திழுக்க ஐந்து ஸ்பிரிங். மஞ்சள் மெலிது, சிவப்பு கனத்தது. மாட்டுகிற ஸ்பிரிங் ஏற ஏறப் பாரம் ஏறும். மல்லாந்து படுத்து, பாதங்களை இரண்டு வார்களில் நுழைத்து, பலகையை இழுத்து இழுத்துக் காலுக்கு வலுவேற்ற வேண்டும்.

பெர்னதெத்துக்குக் கணவர் இல்லை. மகள் ஒருத்திதான்... இனியா. பதினேழு வயது. நீளம் தாண்டுகிறவள். தாண்டிய ஒருநாள் வலது முழங்கால் பிசகி, உள்ளே நார் அறுந்து, அறுவை முடிந்து வீட்டில் கிடந்தாள். மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: கிறிஸ்துமசுக்குள் தொடையில் தசை திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டல். அந்த நேரத்தில்தான் தூரத்து உறவுக்காரன் அல்போன்ஸ் வந்து, “பெரியம்மா வூட்ல ஒரு மெஷின் சும்மா கெடக்குது அக்கா, எடுத்துட்டுப் போங்க” என்றான். பெரியம்மாவின் பெயர் ஃபாத்திமா... மாதாவின் பெயர்தான். ஆண்டுத் தொடக்கத்தில் இறந்தவர். அவ்வளவுதான் பெர்னதெத்துக்குத் தெரியும்.

இரவல் பொருளென்றாலும் பெர்னதெத் அதைப் பீடத்துப் பொருள்போலவே பேணினார். மாலைதோறும் இளஞ்சூட்டு நீரில் துளி சோப்பும் துளி புல்தைலமும் கலந்து, துணியைப் பிழிந்து, மெத்தைத் தோலைத் துடைப்பார். உடனே உலர்துணியால் ஒற்றுவார். தடத்தில் தூசு நின்றால் பலகை திக்கும் என்று அதையும் வழித்தெடுப்பார். ஸ்பிரிங்குகளைக் கழற்றித் துடைத்து, சுருளில் இடைவெளி விழுந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று விளக்கடியில் பார்ப்பார். பலகை தானாக உருளாதிருக்க மஞ்சளை மட்டும் மாட்டிவிட்டு மற்ற நான்கையும் ஆணியில் தொங்கவிடுவார். கால் வார்களை அலசி நிழலில் உலர்த்துவார். இனியா தரையில் விரிக்கும் யோகா விரிப்பைக்கூட ஈரத்தோடு சுருட்ட விடமாட்டார்.

“மாதா சுரூபத்தகூட நீ இப்டித் தொடச்சு நான் பாத்ததில்லம்மா” என்பாள் இனியா.

“வாய மூடிட்டுக் கால நீட்டுடி.”

முதல் வாரங்களில் நல்லதே நடந்தது. மஞ்சளில் தொடங்கியவள் நீலம் சேர்த்தாள், பிறகு பச்சை. தொடையில் தசை மெல்லத் திரண்டது. கைத்தடி இல்லாமல் அடுப்படி வரை வந்து நின்று சிரித்தாள். பெர்னதெத் திரும்பிக்கொண்டு அழுதார்.

பிறகுதான்... அந்த முடி.

சக்கரங்களைத் துப்புரவு செய்ய ஒருநாள் பலகையைத் தூக்கிச் சாய்த்தார். அச்சில் முடி சுற்றியிருந்தது. ஊசியால் நெம்பி இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது. நீண்ட, வெள்ளி நரை. பழைய வீட்டு முடியாக இருக்கும் என்று சுருட்டி எறிந்தார். அடுத்த வாரம் சாய்த்தபோது அதே அச்சில், அதே நீளத்தில், அதே நரை. பெர்னதெத் வீட்டில் நரைத்த தலை கிடையாது.

ஒரு காலை, ஆணியில் தொங்கவிட்ட நீல ஸ்பிரிங் பலகையில் மாட்டியிருந்தது. மகள்தான் மாட்டினாள் என்று நினைத்தார். மறுவாரம் நீலத்தோடு பச்சை. அறையில் புல்தைல மணம் இல்லை, நோயாளிகளுக்குத் தடவும் ஓடிகொலோன் மணம். அதற்கடியில், நெடுநாள் படுக்கையில் கிடந்த உடம்பின் வாடை.

இனியா கீழிறங்கத் தொடங்கினாள். மூன்று ஸ்பிரிங் இழுத்தவளுக்கு இரண்டு முடியவில்லை. பிறகு மஞ்சள் ஒன்றையே மூச்சுவாங்கி இழுத்தாள். தொடை வற்றியது... கட்டுக்கரும்பைச் சக்கையாக்கியதுபோல. மருத்துவர் அளந்து பார்த்து உதட்டைக் கடித்தார்.

காலையில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் ஒன்று கூடும்போதெல்லாம் மகளின் பலம் ஒன்று குறைகிறது. அதைப் பெர்னதெத் உணர்ந்தது ஒரு பகல்வேளையில், கையில் துடைதுணியோடு நின்றபோது. துணி நழுவி விழுந்தது. அல்போன்சை அழைத்தார்.

“டேய், உங்க பெரியம்மா எப்டிடா போனாங்க?”

மறுமுனையில் அவன் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

“அல்போன்ஸ்!”

“அதுமேலயேதான் அக்கா. இடுப்பு ஒடஞ்சு கெடந்தாங்கல்ல... புள்ள பிரான்சுலேந்து அனுப்புன மெஷினு. தெனம் விடியறதுக்கு முன்னாடி ஏறிடுவாங்க. ‘நடந்துட்டா போயிடுவேன்டா’ன்னு சொல்லினே இருப்பாங்க. ஒருநாள் போய்ப் பாத்தா... கால் வார்லயே மாட்டியிருந்துச்சு.”

“எங்க போறதுக்காம்?”

“அதான் யாருக்கும் தெரியல.”

“செத்தவங்க கடைசியாப் படுத்தத வூட்ல வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“கட்டிலு, பாயி, தலகாணி எல்லாத்தையும் அன்னிக்கே அப்புறப்படுத்திட்டோங்க்கா. இது... மெஷின்தானேன்னு வுட்டுட்டோம்.”

“வந்து எடுத்துட்டுப் போடா.”

“ஐயோ, எங்க வூட்ல கைக்கொழந்த இருக்குதுக்கா!”

தலையணையைக்கூட வீட்டில் விட்டுவைக்க அஞ்சிய குடும்பம், உயிர் பிரிந்த இடத்தை மட்டும் தூசு தட்டி வைத்திருந்தது. மரம் மரமாகவும் துணி துணியாகவும் இருந்தால் வழக்கம் நினைவுக்கு வருகிறது. சக்கரமும் சுருளும் வைத்துவிட்டால் மறந்துபோகிறது.

அன்று மாலை பெர்னதெத் ஐந்து ஸ்பிரிங்குகளையும் கழற்றித் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை, ஒருகாலத்தில் தாலிச் சங்கிலி கிடந்த கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

காலையில் இனியா கூப்பிட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“அம்மா... எங் கால் எங்கம்மா?”

கால் இருந்தது. கிள்ளினார், உணர்வில்லை. ஊசியால் குத்தினார், சிறு துளி குருதி வந்தது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கைப் பூட்டிவைத்தால் அந்த ஆவி மகளின் காலிலிருந்தே நேரே எடுத்துக்கொள்ளும்... அப்படித்தான் பெர்னதெத்துக்கு விளங்கியது. பூட்டைத் திறந்து ஸ்பிரிங்குகளை ஆணியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். அந்திக்குள் மகளின் கட்டைவிரல் அசைந்தது.

அன்று அவர் உறங்கவில்லை. மகளின் கட்டிலுக்கும் அந்த அறைக்கும் நடுவே, கதவோரம் அமர்ந்திருந்தார். மழை விட்டுச் சொட்டு மட்டும் விழுந்தது. முதற்சேவல் கூவுமுன்...

கிளிக். ஒரு ஸ்பிரிங் கொக்கியில் விழுந்தது. கிளிக். இன்னொன்று. கிளிக். கிளிக். பிறகு கனத்த ஓசை... சிவப்பு.

பலகை நகர்ந்தது. ஸ்ஸ்... என்று போய், டக் என்று வந்து சேர்ந்தது. ஸ்ஸ்... டக். யாருமில்லை. ஆனால் மெத்தைத் தோல் தோளிருக்கும் இடத்திலும் இடுப்பிருக்கும் இடத்திலும் குழிந்திருந்தது. கால் வார்கள் விறைத்து நின்றன, உள்ளே பாதம் இருப்பதுபோல. ஓடிகொலோன் மணம் நெஞ்சை அடைத்தது.

பெர்னதெத் திரும்பிப் பார்த்தார். உறங்கும் மகளின் போர்வைக்குள் வலது கால் நீண்டது... மடங்கியது. நீண்டது... மடங்கியது. பலகையோடு ஒரே தாளத்தில். பிள்ளையின் முகம் வியர்த்திருந்தது.

பெர்னதெத் எழுந்து உள்ளே போனார். ஓடவில்லை. பெரியவர்கள் முன் நிற்பதுபோல் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றார்.

“அம்மா... அது சின்னப் புள்ளம்மா. இன்னும் எங்கயும் போனதில்ல. நான் நடந்த வரைக்கும் போதும். எங் கால எடுத்துக்குங்க.”

பலகை பாதி வழியில் நின்றது. ஐந்து ஸ்பிரிங்கும் இழுபட்டு நிற்க, நின்றது. யாரேனும் பிடித்திருந்தாலொழிய அப்படி நிற்காது. நெடுநேரம்... சொட்டு விழும் ஓசை மட்டும். பிறகு மிக மெல்ல, குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பதத்தில், பலகை வந்து சேர்ந்தது. தோலில் இருந்த குழிகள் ஒவ்வொன்றாக எழும்பி மறைந்தன. இடம் விட்டதுபோல.

அவர் ஏறிப் படுத்தார். மெத்தை சில்லென்று இருந்தது. வார்களில் பாதத்தை நுழைத்தபோது... அவை மட்டும் வெதுவெதுவென்றிருந்தன.

அந்தக் கிறிஸ்துமசுக்கு இனியா நடந்தே பூசைக்குப் போனாள். இப்போது கல்லூரிக்கு ஓடிப்போய்ப் பேருந்து பிடிக்கிறாள். அம்மாவுக்கு மூட்டுவாதம் என்று நினைத்துத் தைலம் வாங்கி வருகிறாள். முதல் மழைக்காலத்தில் பெர்னதெத்துக்கு வலது பாதம் இழுத்தது. அடுத்த மழைக்கு முழங்கால். இவ்வாண்டு இடுப்பு வரைக்கும் வந்திருக்கிறது. விடியலில் அந்த அறையிலிருந்து காலடி கேட்கிறதாம். தொடக்கத்தில் தேய்த்துத் தேய்த்து நடந்ததாம். இப்போது அழுத்தமாக, ஒரே சீராக... கூடத்தைக் கடந்து வாசல் வரை போகிறது. போய், நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்று பெர்னதெத்துக்குத் தெரியும். அவர் உடம்பில் எடுக்க இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இன்றும் மாலைதோறும் சுவரைப் பிடித்து நகர்ந்துபோய் மெத்தையைத் துடைக்கிறார். தடத்தை வழிக்கிறார். அச்சில் சுற்றிய நரையை இழுக்காமல், நோகாமல், நுனிவிரலால் பிரித்தெடுக்கிறார். ஐந்து ஸ்பிரிங்குகளையும் தாமே மாட்டி வைக்கிறார். முழந்தாளிட முடியாததால் சட்டத்தில் சாய்ந்து நின்று, மரித்தோர்க்கான செபத்தை முழுவதும் சொல்லி, தலைசாயும் இடத்தில் கட்டைவிரலால் சிறு சிலுவை வரைகிறார். அப்போது அந்த இடம் இலேசாக அழுந்துமாம்... யாரோ தலை தாழ்த்தி வாங்கிக்கொள்வதுபோல.

நாமும் இனி எழுவோம். இறந்தோர் எல்லார்க்கும் இளைப்பாறுதல் கிட்டுக. நம் பிள்ளைகளின் கால்கள் என்றும் நம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.