விட்டுப்போன பெயர்

அஞ்சலை: இன்னொரு தடவையா? மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக்கூட இவ்வளவு ஒத்திகை பாத்திருக்க மாட்டாங்கம்மா.

சாரதாம்பாள்: நாளைக்குக் கோலாலம்பூர்ல நாப்பது தடவை கேப்பாங்க. சொல்லு. உன் பேரு?

அஞ்சலை: அஞ்சலை. மூணு வருஷமா உங்க இல்லத்துலதானே இருக்கேன், தெரியாதாக்கும்...

சாரதாம்பாள்: நான் இப்போ சாரதாம்பாள் இல்ல. சட்டசபைக் கமிட்டியில உக்காந்திருக்கிற ஒரு மீசைக்காரரு. உன்னை நம்பாதவரு.

அஞ்சலை: மீசை உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும்.

சாரதாம்பாள்: சிரிக்காதே... சரி, சிரிச்சுக்கோ. அங்க போனா சிரிப்பு வராது.

அஞ்சலை: இந்த நெத்திலிய மட்டும் ஆஞ்சு வச்சிடறேனே. உள்ள பதினோரு பொண்ணுங்க பசியோட இருக்கு.

சாரதாம்பாள்: ஆஞ்சுக்கிட்டே சொல்லு. எந்த ஊரு?

அஞ்சலை: தம்பின் ஊருப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டுனாங்க. அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான். வரல.

சாரதாம்பாள்: தோட்டத்தை விட்டு ஏன் வந்தே?

அஞ்சலை: அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. மலாக்கா டவுன்ல தையல் கடையில வேலைன்னு சொன்னாங்க.

சாரதாம்பாள்: யாரு சொன்னா?

அஞ்சலை: ...ஒரு ஆளு.

சாரதாம்பாள்: பேரு?

அஞ்சலை: மறந்து போச்சு. அடுத்ததக் கேளுங்க.

சாரதாம்பாள்: ம்... வந்து பார்த்தா?

அஞ்சலை: தையல் கடை இல்ல. ஒரு மாடி வீடு. மேல ஆறு ரூம்பு. பூட்டு வெளிப்பக்கம்.

சாரதாம்பாள்: ஓடிப் போயிருக்கலாமேன்னு கேப்பாரு.

அஞ்சலை: ஓடினேன். பாசார் சந்தை வரைக்கும்தான் போக முடிஞ்சது. காவலுக்கு நின்னவன் பிடிச்சுட்டான். கூடியிருந்த சனம் புருசன் பெண்டாட்டி சண்டைன்னு நெனச்சு வேடிக்கை பாத்துச்சு... மீசைக்காரரு இப்படியாம்மா கேப்பாரு?

சாரதாம்பாள்: இதைவிட மோசமா. அப்புறம் மல்லிகாவைப் பத்திக் கேப்பாரு.

அஞ்சலை: அவளப் பத்தி நானே சொல்லுவேன். நான் வெளிய வந்து ரெண்டு வருஷம் கழிச்சு அதே வீட்டுக்கு வந்தவ. மாடியிலேருந்து குதிச்சா. இடுப்பு ஒடிஞ்சு இங்கதான் கிடந்தா. நாப்பது நாள் நான்தான் கஞ்சி ஊட்டினேன்.

சாரதாம்பாள்: அவ செத்ததுக்கு அப்புறம்தான், பொண்ணுங்கள ஏமாத்தி விக்கிறதத் தடுக்க இந்த மசோதாவே எழுதினேன்.

அஞ்சலை: தெரியும்மா. ராவும் பகலுமா எழுதினீங்க.

சாரதாம்பாள்: அப்போ கேளு. வீடு நடத்துனவ பேரு உன் வாக்குமூலத்துல இருக்கு. காவல்காரன் பேரு இருக்கு. தோட்டத்துலேருந்து கூட்டி வந்தவன் பேரு மட்டும் காலியா இருக்கு. எப்பவும் அவன்தான் தப்பிச்சுடறான். பேரு இல்லாம போய் நின்னா, 'நீயாதானே வந்தே'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

அஞ்சலை: ஆள் எடுக்கத் தோட்டத்துக்கு எத்தனையோ பேரு வருவான்...

சாரதாம்பாள்: யோசிச்சுப் பாரு. உயரமா, நெத்தியில விபூதி வச்சுக்கிட்டு... பச்சை லாரியில...

அஞ்சலை: பச்சைன்னு நான் சொல்லவே இல்லியே.

சாரதாம்பாள்: ...போன தடவை சொன்னே.

அஞ்சலை: சொல்லலம்மா.

சாரதாம்பாள்: மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில துணி...

அஞ்சலை: பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டியம்மா, தமிழ் தெரியாதவங்க, மலாய்ல திட்டிக்கிட்டே எடுத்து வச்சுடுவாங்க. நீங்க உக்காருங்க. அந்தப் பேரை விட்டுடுங்கம்மா.

சாரதாம்பாள்: ஏன்?

அஞ்சலை: அது வெளிய வந்தா உங்க மசோதா நிக்காது. இந்த வீடும் நிக்காது. பதினோரு பேரும் எங்க போவாங்க?

சாரதாம்பாள்: ஒரு பேராலயா?

அஞ்சலை: உங்க அண்ணன் பேருன்னா...

சாரதாம்பாள்: சொல்லு, முழுசாச் சொல்லு.

அஞ்சலை: இந்த இல்லத்தைத் திறந்த அன்னைக்கு ஆரஞ்சுக் கூடையோட வந்தாரு. உங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. நான் காய்ச்சல்னு சொல்லி அடுப்படியில போய்ப் படுத்துக்கிட்டேன்.

சாரதாம்பாள்: அந்தப் பேனாவை எடு.

அஞ்சலை: வேணாம்மா...

சாரதாம்பாள்: எடு. கலியாணசுந்தரம். மசோதா கொண்டு வந்தவளோட கூடப் பிறந்தவர். அதையும் சேர்த்து எழுதறேன். நாளைக்கு அந்தக் கேள்வி வரும்போது நீ வாயத் திறக்க வேண்டாம். நான் எழுந்து நிக்கறேன்.

அஞ்சலை: உங்களை நாக்கூசாம பேசுவாங்களே.

சாரதாம்பாள்: பேசட்டும்.

அஞ்சலை: இருந்த ஒரு சட்டசபைப் பதவியும் போயிடும்.

சாரதாம்பாள்: போகட்டும்... ஏன் அழறே? கை முழுக்க நெத்திலி, கண்ணைத் தொடாதே.

அஞ்சலை: நான் பாவிம்மா. மல்லிகா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னா. அதே ஆளு, அதே தையல் கடைக் கதை. இந்த இல்லத்தைத் திறந்த அன்னைக்கே நான் உங்ககிட்டச் சொல்லியிருந்தா, அவ அந்த வீட்டுக்குப் போயே இருக்க மாட்டா. சோறு போட்ட வீடு போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். அவளக் கொன்னது நான்தான்.

சாரதாம்பாள்: நீ இல்ல அஞ்சலை. அன்னைக்கு அவரைப் பார்த்ததும் நீ அடுப்படிக்கு ஓடினதை நான் பார்த்தேன். சாயங்காலமே போய், உன்னைக் கூட்டி வந்தது அவர்தானான்னு கேட்டேன். ஆமான்னாரு. இனிமே செய்ய மாட்டேன்னு அம்மா படத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினாரு. நான் நம்பிட்டுத் திரும்பி வந்து, உனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சான்னு நெத்தியத் தொட்டுப் பார்த்தேன்.