கடுகு வெடித்த கேபின்

கலிஃபோர்னியாவில், லிவர்மோர் கோயில் கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மினசோட்டா ட்ரிப் எப்படி இருந்தது என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு ரசத்துக்கு ஃபயர் இன்ஜினே வந்துச்சுடி."

கேட்டவள் சிரித்தாள். போய்வந்தவள் சிரிக்கவில்லை.

"வடக்கே, காட்டுக்குள்ள, ஏரி ஓரமா ஒரு கேபின். கடுகும் மிளகாயும் தாளிச்சேன், அலாரம் அடிச்சிருச்சு. அது நேரா ஃபயர் ஸ்டேஷனுக்குப் போகுமாம். சின்ன ஊரு, ஃபயர்மேன் எல்லாருமே சம்பளமில்லாம வர்ற ஊர்க்காரங்க, வாலண்டியர்ஸ். ஒருத்தர் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்திருக்கார். இன்னொருத்தர் மீன் பிடிச்சிட்டிருந்த பூட்ஸோட அப்படியே வந்துட்டார்."

"சமையல் புகைதான்னு சொல்லிட்டேல்ல?"

"என் ஹஸ்பண்ட் முந்திக்கிட்டு, அலாரம்தான் ரிப்பேர்னுட்டார். நானும் கரண்டியை சிங்க்ல மறைச்சு வச்சுட்டேன்."

"ஐயோ. நம்பிட்டாங்களா?"

"மிளகாய் நெடியில இருமிக்கிட்டே ஒரு மணி நேரம் ஒயரிங் செக் பண்ணாங்க. தெரியாமயா இருக்கும்? ஒரு வார்த்தை கேக்கலையே."

வரிசை நகர்ந்தது. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மறுநாள் காலையில கேபின் ஓனரம்மா ப்ளூபெர்ரி பழத்தை உள்ள வச்சு, அவன்ல சுட்டு ஒரு பை பண்ணி எடுத்துட்டு வந்தாங்க. 'எங்க அலாரம் உங்களை பயமுறுத்திருச்சு, சாரி'ன்னு கையால எழுதின கார்டு வேற."

"அப்பவாவது உண்மையைச் சொன்னியா?"

"பை ரொம்ப ருசியா இருந்துச்சுன்னு சொன்னேன்."