விடுமுறைக்கு ஒரு காரணம்

ஜூலை மாதத்தில் பிள்ளைகளின் நீச்சலுடை காய்வதே இல்லை. மழைக்காலம் முடிந்துவிட்டதென்று வானிலைக்காரர்கள் அறிவித்த பிறகும் எங்கள் யாமகட்டாவில் கொஞ்ச நாள் மூட்டமாகவே இருக்கும். காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரம் கையில் ஒட்டும். அதையே மடித்துப் பையில் வைத்து அனுப்புவேன். என் மகள் கொஹாரு முகத்தைச் சுளிப்பாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும் விவரம் தெரிந்த பிள்ளை.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர். உங்களுக்குக் குழந்தைகள் இருக்கலாம். இருந்தாலும் காலை நேரத்தை உங்கள் மனைவிதான் பார்த்திருப்பார்.

எழுப்பி, அக்குளில் வெப்பமானியை வைத்து, காய்ச்சல் இல்லையென்று அட்டையில் எழுதி, குடும்ப முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் பள்ளி நீச்சல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். ஒருமுறை மறந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளமிட, கொஹாரு மட்டும் சீருடையோடு வெயிலில் குந்தியிருந்தாள். அன்று மாலை வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் என்னைத் திட்டவில்லை. "வீட்ல ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகு சாலை முனையில் மஞ்சள் கொடியோடு நிற்கும் முறை. பிள்ளைகள் கடந்து போனதும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் வறுவல் பிரிவில் வேலைக்கு நிற்பேன். படிப்புப் பருவம் முடியும் நேரத்தில் பள்ளியில் இருந்த ஒவ்வொன்றும் வீட்டுக்குத் திரும்பி வரும். பிள்ளைகள் வளர்த்த தக்காளித் தொட்டியைத் தாய்மார்தான் போய்த் தூக்கி வர வேண்டும். தரை துடைக்கும் துணியைக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கினால் தையலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். என் கணவருக்கு வேலை செந்தாய் நகரத்தில். வாரக் கடைசியில் வருவார், தூங்குவார், போவார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான? லீவு விட்டா உனக்கும் லீவுதான்" என்றார் தொலைபேசியில்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

கோடை விடுமுறை என்றால் எங்கள் குடியிருப்பில் என்ன தெரியுமா? விடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் வளாகத்துக்கு அழைத்துப்போய் வானொலி உடற்பயிற்சி செய்ய வைக்க வேண்டும். பிற்பகலில் பள்ளிக் குளத்தைத் திறந்துவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு விடுமுறை, ஆகவே தாய்மார் முறை போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றிக் காவல் நிற்க வேண்டும். அதற்கு ஒரு தலைவி. அவள் எல்லா நாளும் நிற்க வேண்டும்.

அந்தத் தலைவியைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி நூலகத்தில் கூடினோம். பிள்ளைகள் சங்கத்தின் பொறுப்பாளர் தோகாஷி சான், தகர டப்பா நிறையக் குச்சிகள் கொண்டுவந்திருந்தார். நுனியில் சிவப்புப் பூசியது யார் கையில் வருகிறதோ அவர் தலைவி. என் கையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தப்பித்தவர்கள் தட்டும் கைதட்டலில் ஒரு தனி உற்சாகம் உண்டு.

"வாழ்த்துகள், நகாஹாரா சான்!" என்றார் தோகாஷி. "உங்க கைராசி பாத்தீங்களா?"

நான் மெல்லக் கேட்டேன். "இந்த வருஷம் மட்டும் குளத்தை விட்டுடலாமே… எல்லாருக்கும் வேலை இருக்கு."

எல்லோரும் தோகாஷியைப் பார்த்தார்கள். தோகாஷி சிரித்த முகம் மாறாமல் கேட்டார். "ஏன், ஏதாவது நடந்துச்சா?"

"நடக்கலை."

"நடக்காம எப்படிங்க நிறுத்துறது? போன வருஷத்து அம்மாங்க நின்னாங்க. அவங்களுக்கு முந்தி இருந்தவங்களும் நின்னாங்க. நாம மட்டும் காரணமே இல்லாம நிறுத்தினா ஊரு என்ன சொல்லும்? ஒரு காரணம் இருந்தா நானே முதல் ஆளா கையைத் தூக்குறேன். எனக்கு மட்டும் வெயில்ல நிக்க ஆசையா?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் தவறில்லை. எங்களிடம் எந்தக் காரியமும் அப்படித்தான். தொடங்கியதைக் கஷ்டமாயிருக்கிறது என்று நிறுத்த முடியாது. விபத்து நடந்தால் மறுபேச்சில்லாமல் அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

வீடு திரும்பும் வழியில் கூட்டத்துக்கு வந்திருந்த ஓயிசுமி சானும், கொஹாருவின் தோழி ஹோனோகாவின் அம்மா ஓகுயாமா சானும் உடன் வந்தார்கள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் வெயில்ல மயங்கி விழுந்தான்ல? அங்க மொத்தத்தையும் நிறுத்திட்டாங்களாம். குளமும் இல்ல, காலைப் பயிற்சியும் இல்ல" என்றார் ஓயிசுமி.

"ஐயோ, பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டது ஓகுயாமாதான்.

"அவனுக்கென்ன, மறுநாளே ஐஸ் தின்னுட்டுச் சுத்துறான்."

"கொடுத்துவச்ச அம்மாங்க" என்றேன்.

மூவரும் சிரித்தோம். ஓகுயாமாவும் சிரித்தார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓகுயாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அதனால் ஹோனோகாவை என் வீட்டில் விட்டுப் போவார். அவளும் கொஹாருவும் ஒரே வகுப்பு, சேர்ந்து நடந்து போவார்கள். ஒரு வருடமாக அந்தப் பிள்ளைக்கும் நான்தான் தலை வாரி, தொப்பி மாட்டி அனுப்பினேன். முகம் சுளித்ததில்லை. வேண்டுமானால் அவரையே கேளுங்கள்.

ஹோனோகாவுக்கு சோபா தானியம் ஆகாது, கடுமையான ஒவ்வாமை. எங்கள் பக்கத்தில் அந்தத் தானியம் விளையாத மேடு இல்லை. மனிதர் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் சோபா நூடுல்ஸ்தான் சாப்பிடுவார்கள். இந்தப் பிள்ளையோ அதை வேகவைக்கும் கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். யார் எதைக் கொடுத்தாலும் முதலில் கேட்கும்படி அவள் அம்மா பழக்கியிருந்தார்.

சூப்பர் மார்க்கெட்டில் தேநீர் அடுக்குக்கு எதிரில்தான் என் வறுவல் மேடை. கோடையில் எல்லா வீட்டிலும் குளிரவைத்துக் குடிக்கும் பார்லித் தேநீருக்குப் பக்கத்திலேயே சோபாத் தேநீர் இருக்கும். இரண்டும் ஒரே பழுப்பு நிறம். வறுவலைப் பெட்டியில் அடுக்கியபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமெல்லாம் இல்லை. எல்லோருக்கும் தேவைப்படுகிற ஒரு காரணத்தை யாராவது ஒருவர் உண்டாக்கித்தான் ஆக வேண்டும். தலைவி நான்தானே.

முதலில் கொஹாருவைத்தான் யோசித்தேன். மற்றவர் பிள்ளையைத் தேடிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் கொஹாரு திடமான பிள்ளை, அவளுக்கு எதையாவது புதிதாக வரவழைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தாய் மனம் இடம் கொடுக்கவில்லை. ஹோனோகாவுக்கு ஏற்கெனவே இருந்தது. நான் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் இருமல், ஆம்புலன்ஸ் ஒலி. அவ்வளவு போதும் என்றுதான் கணக்கிட்டேன்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் காவல் ஒத்திகை நடந்தது. பள்ளி விட்ட பிறகு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கி, நாங்கள் நின்று பழக வேண்டும். தோகாஷி கழுத்தில் ஊதலும் தலையில் பெரிய தொப்பியுமாக வந்தார். எல்லோருக்குமான பார்லித் தேநீர் என் பொறுப்பு. பெரிய குடுவையில் அதைக் கொண்டுபோயிருந்தேன். சிறிய குடுவை ஒன்றும் இருந்தது.

இடைவேளையில் பிள்ளைகள் கரையேறினார்கள். ஹோனோகாவின் தண்ணீர்க் குப்பி காலி. கெஞ்சுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கொஹாரு அம்மா, எனக்கும் ஊத்துறீங்களா?"

சிறிய குடுவையிலிருந்து ஊற்றினேன். மூக்கருகில் கொண்டுபோனவள் நின்றாள்.

"இதுல சோபா இல்லல்ல?"

"இல்லடா கண்ணு. பார்லிதான்."

"வேற மாதிரி வாசனை வருது."

"இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா வறுத்துட்டேன் போல."

"கொஹாரு அம்மா எப்பவும் கருக்கிடுவீங்க" என்று சிரித்தாள். என் மகள்தான் வீட்டு ரகசியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு எனக்குத் தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டுக் குடித்தாள். தாகம். முழுவதையும் குடித்தாள். அவ்வளவு குடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அளவில் என்மேல் தவறு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

துண்டைப் போர்த்தியவள் கழுத்தைச் சொறியத் தொடங்கினாள். உதடு தடித்தது. இருமினாள். பிறகு இருமவும் முடியாமல் தரையில் சாய்ந்தாள். தோகாஷி ஊதலை வாயில் வைத்தபடியே வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"என்ன ஆச்சு? என்ன குடிச்சா? நகாஹாரா சான், நீங்க இங்கயே இருங்க, நான் ஆபீஸ்ல போய் ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்!"

ஓடினார். மற்ற இரண்டு தாய்மார் வாசலைத் திறந்துவைக்க ஓடினார்கள். நானும் ஹோனோகாவும் பிள்ளைகளும் மட்டும் இருந்தோம்.

நீங்கள் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தான். சொல்லிவிடுகிறேன்.

ஹோனோகா தன் பையைக் காட்டினாள். பேச்சு வரவில்லை, விரலால் காட்டினாள். கொஹாருவுக்கு அது புரிந்தது.

"அம்மா, ஊசி! அவ பையில சைடுல இருக்கு!"

தொடையில் குத்தும் அந்த ஊசி மருந்தைப் பற்றிப் பள்ளிச் செவிலியர் ஜூன் மாதம் எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்திருந்தார். தோகாஷி தலைகீழாகப் பிடித்துச் சிரிப்பு வாங்கினார். நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

பையைத் திறந்தேன். எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். குத்தினால் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். தோகாஷி திரும்பி வந்து நெஞ்சில் கை வைத்து, நல்ல வேளை, ஒன்றும் நடக்கவில்லை என்பார். எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள். இவ்வளவு நல்ல தலைவி இருக்கும்போது பயமென்ன என்று குளத்தைத் திறப்பார்கள். வருகிற வருடமும் என்னையே கேட்பார்கள்.

ஊசியை ஏப்ரன் பைக்குள் போட்டேன். நீங்கள் எடுத்தது அதைத்தான்.

"காணலையே கொஹாரு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அவள் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். வருத்தமில்லை. பெரியவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளை வளர்த்தேன்.

ஹோனோகா ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள். அன்று மாலையே அறிவிப்பு வந்தது. குளம் இல்லை, காலைப் பயிற்சி இல்லை, காவல் இல்லை. தோகாஷிதான் முதலில் கையைத் தூக்கினாராம். இறுதிச் சடங்கில் கறுப்பு உடையோடு வரிசையில் நிற்கும்போது, பின்னால் யாரோ மெதுவாக, இந்த வருடம் அம்மா வீட்டுக்குப் போய் வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஓகுயாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை என் பிள்ளை பக்கத்தில் நீங்கள் இருந்தீர்களே என்று அழுதார். அது பொய்யில்லை. நான் அவள் கையை விடவே இல்லை.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுவதும் மற்றப் பிள்ளைகளை வேலிப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன், ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைகூடப் பயந்து அழவில்லை. அவர்கள் என் பொறுப்பில் இருந்தார்கள், இன்ஸ்பெக்டர், அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.